மறைமலை நகரின் அஞ்சு மணி விசில்!

காலையில் எட்டு மணி ரயிலைப் பிடித்து காலேஜுக்கு ஓடுகிற ஆளா நீங்கள்? அப்படியென்றால், உங்கள் ஏரியாவின் நம்பர் ஒன் பாடகரை நீங்கள் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. காரணம் ரொம்ப சிம்பிள்... அவர் கச்சேரியை முடித்து, டிபன் தேடிக் கிளம்பின பிறகுதான் நீங்கள் பல்லே தேய்க்கிறீர்கள்!

ஒரே ஒரு நாள் தியாகம் பண்ணுங்கள். மார்ச்சுக்கும் ஜூலைக்கும் நடுவில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அலாரம் நாலு மணிக்கு. தாம்பரத்தில் செங்கல்பட்டு போகும் அதிகாலை மின்சார ரயிலில் ஏறுங்கள். ஜன்னல் ஸீட் நிச்சயம்! பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர்... அடுத்தது 'மறைமலை நகர் காமராஜர்' ஸ்டேஷன். இறங்கி, ஜி.எஸ்.டி. ரோடு இரைச்சலை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, வீடுகள் இருக்கிற தெருக்களுக்குள் நடங்கள். கிழக்கே லேசாக வெளுக்கும். அப்போது டி.வி. ஆன்டெனா மேலேயோ, லைட் கம்பத்தின் உச்சியிலோ, வேப்பமரத்தின் கடைசிக் கிளையிலோ இருந்து ஒரு விசில் கிளம்பும்.

சும்மா விசில் இல்லை பாஸ். மேலே ஏறும், இறங்கும், நடுவில் ஒரு வளைவு, ஒரு சின்ன நிறுத்தம்... மறுபடி வேறு மாதிரி ஆரம்பிக்கும். நாலு தெரு தள்ளி இருக்கிற இன்னொருத்தர் அதற்கு பதில் சொல்வார்.

பாடகர் பெயர்: குண்டுகரிச்சான்!

கறுப்பு கோட், வெள்ளைச் சட்டை

பெயரைக் கேட்டு ஏதோ ரவுடி என்று நினைத்துவிடாதீர்கள். சிட்டுக்குருவியை விடப் பெரிசு, மைனாவை விடக் கொஞ்சம் சின்னது. வாலோடு சேர்த்து அளந்தால் சுமார் 20 சென்டிமீட்டர். ஆண் பறவைக்குத் தலை, முதுகு, மார்பு எல்லாம் பளபளக்கும் கறுப்பு. வயிறு வெள்ளை. இறக்கையில் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை. வக்கீல் கோட் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருக்கும். பெண் பறவைக்கு அதே டிசைன்தான்... கறுப்புக்குப் பதில் சாம்பல் நிறம். வாலை எப்போதும் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, தரையில் தத்தித் தத்திப் போகிற அந்த ஸ்டைலை ஒருமுறை பார்த்தால் மறக்காது. சில ஊர்களில் 'வண்ணாத்திக்குருவி' என்றும் சொல்வார்கள்.

வயல்வெளி கரன்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும் முழுக் கறுப்பு 'கரிச்சான்' இது இல்லை. அதற்கு வால் இரண்டாகப் பிளந்திருக்கும், 'இரட்டைவால் குருவி' என்பது அதைத்தான். காலி மனை, கல்லுமேடு பக்கம் திரிகிற கருஞ்சிட்டும் இது இல்லை. அதுவும் வாலைத் தூக்கிக்கொண்டுதான் அலையும். ஆனால் வயிறும் கறுப்பு, வாலுக்கு அடியில் மட்டும் செங்கல் நிறம். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் நீங்கள் ஏற்கெனவே பாதி பறவை நிபுணர்!

மெட்ராஸில் இருந்து போன பெயர்

இந்தப் பறவைக்கும் நம்ம சென்னைக்கும் முந்நூறு வருஷ உறவு இருக்கிறது. 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புனித ஜார்ஜ் கோட்டையில் டாக்டராக இருந்தவர் எட்வர்டு பல்க்லி. நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, மெட்ராஸைச் சுற்றியிருந்த பறவைகளை லண்டனில் இருந்த ஜேம்ஸ் பெட்டிவர் என்பவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தப் பார்சல்களில் ஒரு ஆண் குண்டுகரிச்சானும் போனது. 'சாலரி' என்ற பெயரோடு! நூறு பாட்டுப் பாடுவது என்பது அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் அர்த்தம். பின்னால் 1758-ல், உயிரினங்களுக்கெல்லாம் பெயர் வைத்த ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், அதையே லத்தீன் ஆக்கி 'சாலாரிஸ்' என்று எழுதிவைத்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க விஞ்ஞானிகள் இதை 'காப்சைகஸ் சாலாரிஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பெயர் என்றதும் ஊர்ப் பெயரும் ஞாபகம் வருகிறது. வேதாசலம் என்ற தன் பெயரில் 'வேத'த்தை 'மறை' ஆக்கி, 'அசல'த்தை 'மலை' ஆக்கி, மறைமலை என்று மாற்றிக்கொண்ட தனித்தமிழ்க்காரர் மறைமலை அடிகள் (1876–1950). அவர் வாழ்ந்தது இதே ரயில் பாதையில் இருக்கும் பல்லாவரத்தில். அவர் பெயரில் 1980-ல் சென்னைக்குத் துணை நகரமாக உருவாக்கப்பட்டதுதான் மறைமலை நகர். இங்கே 'என்.ஹெச்.-1', 'என்.ஹெச்.-2' என்று விலாசம் சொன்னால் நேஷனல் ஹைவேயைத் தேடாதீர்கள். அது 'நெய்பர்ஹுட்'! தனித்தமிழ் அறிஞர் பேரில் இருக்கும் ஊரில் இப்படி ஒரு விலாசம்... நம்ம ஊர் காமெடி!

ப்ளான் போட்டுக் கட்டிய ஊர் என்பதால் இங்கே ஒரு நல்ல விஷயம் நடந்தது. ஒரு பக்கம் தொழிற்பேட்டை. ஃபோர்டு ஐகான் கார்கள் பிறந்தது இங்கேதான் (2022-ல் அந்த ஆலையில் கார் உற்பத்தி நின்றது). இன்னொரு பக்கம் வீடு, வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண், மண்ணில் ஒரு முருங்கை, ஒரு மாமரம், ஒரு செம்பருத்திச் செடி. காட்டு ஓரத்துப் பறவையான குண்டுகரிச்சானுக்கு இதெல்லாம் ஒரு குட்டிக் காடுதான். வண்டலூர்க் காப்புக்காடு பக்கத்திலேயே இருக்கிறது. அங்கேயிருந்து தோட்டம், காலேஜ் கேம்பஸ், ஏரிக்கரை, மறுபடி தோட்டம் என்று பச்சை ஒட்டுப்போட்ட மாதிரி தெற்கே போகிறது. இந்த ஒட்டுப்போட்ட பச்சையில்தான் அது குடித்தனம் நடத்துகிறது.

தொண்டைக்குள் ஸ்டீரியோ

நான் இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளை. பாட்டு அழகாக இருக்கிறது என்பதோடு விட முடியுமா? எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

நமக்குக் குரல் வருவது கழுத்துப் பகுதியில் இருக்கும் குரல்வளையில். பறவைக்கு அதற்கும் கீழே, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து நுரையீரலுக்குப் போகிற இடத்தில் 'சிரிங்ஸ்' என்று ஓர் உறுப்பு. பாடும் பறவைகளில் இடது கிளைக்கும் வலது கிளைக்கும் தனித்தனி கன்ட்ரோல். அதனால் ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு ஸ்வரங்களை எழுப்ப முடியும். அதாவது, இரண்டு ஸ்பீக்கர், இரண்டு சேனல்... பிறவியிலேயே ஸ்டீரியோ!

சரி, ஏன் விடியற்காலை? அப்போது காற்று பெரும்பாலும் அமைதியாக இருக்கும், வண்டிச் சத்தம் குறைவு. அனுப்புகிற சிக்னல் தூரமாகவும் தெளிவாகவும் போய்ச் சேரும். பூச்சி பிடிக்கப் போதுமான வெளிச்சம் இன்னும் வரவில்லை, அதனால் வேறு வேலையும் இல்லை. கம்யூனிகேஷன் பாடத்தில் 'சிக்னல் டு நாய்ஸ் ரேஷியோ' என்று படிக்கிறோமே... அதை செமஸ்டர் எழுதாமலே பாஸ் பண்ணிய ஆள் இது.

அதைவிடப் பெரிய விஷயம், இந்தப் பாட்டு முழுக்க முழுக்கப் பிறவியில் வருவதில்லை. பாடும் பறவைகள் பெரியவர்கள் பாடுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொள்கின்றன. 1950-களில் கேம்பிரிட்ஜில் வில்லியம் தோர்ப் என்ற விஞ்ஞானி, 'சாஃபின்ச்' என்ற ஐரோப்பியக் குருவியின் குஞ்சுகளைப் பெரிய பறவைகளின் பாட்டே காதில் விழாமல் வளர்த்துப் பார்த்தார். வளர்ந்த பிறகு அவை ஏதோ பாடின... ஆனால் அரைகுறையாக, உருப்படாமல் இருந்தது. குரு இல்லாமல் பாட்டு இல்லை! நம்ம குண்டுகரிச்சான் இன்னும் ஒரு படி மேலே. பக்கத்தில் கேட்கிற மற்ற பறவைகளின் குரலையும் எடுத்துத் தன் பாட்டில் சேர்த்துக்கொள்ளும். ரீமிக்ஸ் நமக்கு மட்டும் சொந்தமில்லை.

பைக் கண்ணாடியில் ஒரு வில்லன்

இவ்வளவு பாடுவது நம்மை மகிழ்விக்கவா? அட, இல்லை! 'இது என் ஏரியா, உள்ளே வராதே' என்று மற்ற ஆண்களுக்கு எச்சரிக்கை. 'இங்கே ஒரு நல்ல பையன் இருக்கேன்' என்று பெண்ணுக்கு அறிவிப்பு. ஒரே பாட்டில் இரண்டு வேலை. பெரும்பாலும் பாடுவது ஆண்தான் என்றாலும், பெண்ணும் சில சமயம் பாடும்.

ஏரியா விஷயத்தில் ஆள் ரொம்ப சீரியஸ். இனப்பெருக்கக் காலத்தில் ஜன்னல் கண்ணாடியிலோ, பைக் மிர்ரரிலோ தன் உருவத்தைப் பார்த்துவிட்டால் போச்சு. வேறு ஒருத்தன் வந்துவிட்டான் என்று நினைத்துச் சண்டைக்குப் போய்விடும். உங்கள் ஹாஸ்டல் பார்க்கிங்கில் மிர்ரரைக் கொத்துகிற கறுப்பு-வெள்ளைக் குருவியைப் பார்த்தால் விரட்டாதீர்கள். ஒரு பழைய துணியை மிர்ரர் மேல் கட்டிவிடுங்கள். சண்டை முடிந்துவிடும். கண்ணாடியோடு மோதி வீணாகிற நேரத்தில் அது நாலு புழு பிடிக்கும்.

ஜோடி சேர்ந்ததும் கூடு. இதன் கூட்டை மரக்கிளையில் தேடாதீர்கள். இதற்கு வேண்டியது ஒரு பொந்து. மரத்தில் இருக்கும் ஓட்டை, சுவரில் இருக்கும் ஓட்டை, நாம் மாட்டிவைக்கும் கூடுபெட்டி என்று எது கிடைத்தாலும் சரி. கூடு கட்டும் வேலை பெரும்பாலும் பெண்ணுடையது. வெளிர் நீலப் பச்சையில் பழுப்புப் புள்ளி தெளித்த முட்டைகள், வழக்கமாக நாலு அல்லது ஐந்து, நாளுக்கு ஒன்றாக இடும். அடைகாப்பதும் பெண் மட்டுமே. ஐயா என்ன செய்கிறார்? செக்யூரிட்டி! குஞ்சுகளுக்கு ஊட்டும் வேலையிலும் அம்மாவின் பங்குதான் அதிகம். (இந்த வரியை உங்கள் வீட்டில் படித்துக் காட்டினால் விளைவுகளுக்கு நான் பொறுப்பில்லை.)

மழைக்காலம், பனிக்காலம் வந்தால் கச்சேரி க்ளோஸ். அப்போது அதே பறவை அதே தோட்டத்தில்தான் இருக்கும். ஆனால் 'ஸ்வீ...' என்று ஒரு சோகமான சீட்டி, 'சர்ர்ர்' என்று ஒரு கரகரப்பு, அவ்வளவுதான். காய்ந்த சருகைப் புரட்டிப் பூச்சி, புழு பிடித்துத் தின்றுகொண்டு, சாயங்காலம் நன்றாக இருட்டுகிற வரை ஓவர்டைம் பார்க்கும். ஊரில் எல்லோரும், 'அந்தப் பறவை எங்கேயோ போயிடுச்சு' என்று நினைப்பார்கள். எங்கேயும் போகவில்லை, வாயைத் திறக்கவில்லை. அவ்வளவே!

'காமன்'னா கவலை இல்லையா?

'சரிப்பா... ஊரெல்லாம் இருக்கிற பறவைதானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு பில்டப்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உலக அளவில் இதற்கு ஆபத்தில்லை என்றுதான் பட்டியலும் சொல்கிறது.

ஆனால் சிங்கப்பூர்க் கதையைக் கேளுங்கள். 1920-களில் அங்கே எல்லோருக்கும் தெரிந்த, எங்கும் பார்க்கக்கூடிய பறவைகளில் குண்டுகரிச்சானும் ஒன்று. 1970-களில் எண்ணிக்கை சரிந்துவிட்டது. கூண்டில் வளர்க்கப் பிடித்துக்கொண்டு போனார்கள். இருந்த இடங்கள் மாறின. பொந்துக்குப் போட்டியாக, வெளியில் இருந்து வந்த மைனா பெருகியது. அது நம்ம ஊர் மைனாதான்! அங்கே இப்போது குண்டுகரிச்சானுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறார்கள். ஐம்பதே வருஷத்தில், 'எங்கும் இருக்கிற பறவை' பாதுகாக்க வேண்டிய பறவை ஆகிவிட்டது.

இதைவிடக் கொடுமை இந்தியப் பெருங்கடலில் நடந்தது. சீஷெல்ஸ் தீவுகளில் இதன் நெருங்கிய சொந்தம் ஒன்று இருக்கிறது. மனிதர்களோடு வந்து இறங்கிய பூனையும் எலியும் தின்று தீர்த்ததில், 1970 வாக்கில் ஃப்ரெகேட் என்ற ஒரே ஒரு தீவில் மிச்சம் இருந்தவை பதினாறு போலத்தான். ஒரு கிளாஸ் ரூமின் ரெண்டு பெஞ்ச் வரிசையில் அடங்கிவிடும் எண்ணிக்கை! 1990-ல் காப்பாற்றும் வேலையைப் பெரிய அளவில் ஆரம்பித்தார்கள். வாழிடத்தைச் சீர்செய்தார்கள், கூடுபெட்டி வைத்தார்கள், எதிரிகள் இல்லாத வேறு தீவுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய் விட்டார்கள். இன்று சில நூறு பறவைகள் உண்டு. காப்பாற்ற முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் பதினாறு ஆகும் வரை விட்டுவைக்காமல் இருந்தால் இன்னும் சுலபம், இல்லையா?

பங்களாதேஷ்காரர்கள் இதில் கெட்டி. அங்கே இதன் பெயர் 'தோயல்'. தேசியப் பறவையே இதுதான்! இரண்டு டாக்கா நோட்டில் படம் போட்டார்கள். டாக்கா பல்கலைக்கழகப் பகுதியில் நாற்சந்தி ஒன்றில் சிலை வைத்து 'தோயல் சத்தர்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். ஒரு கேம்பஸ் தன் பாட்டுக்காரனுக்குச் செய்த மரியாதை.

நம்ம பக்கம் என்ன நிலைமை? தாம்பரத்துக்குத் தெற்கே ஊர் வளர்கிற வேகம் உங்களுக்கே தெரியும். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகளும் சேர்ந்துகொண்டே போகின்றன. தோட்டம் வைத்த தனி வீடு இடிந்து அடுக்குமாடி வருகிறது. புதுக் கட்டடத்தில் ஒரு ஓட்டை கிடையாது, எல்லாம் பூச்சு, கண்ணாடி. பட்டுப்போன மரத்தை 'ஆபத்து' என்று முதலில் வெட்டுகிறார்கள், பொந்து இருப்பது அதில்தான். சருகைக் கூட்டி எரிக்கிறார்கள், சாப்பாடு இருப்பது அதில்தான். இந்த மூன்றும் தனித்தனியாகச் சின்ன விஷயம். மூன்றும் ஒரே தெருவில் நடந்தால், அடுத்த ஏப்ரலில் அந்தத் தெருவில் விசில் இருக்காது. அது நின்றதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள், ஏனென்றால் இருந்ததையே யாரும் கவனிக்கவில்லை. பாட்டைக் கேட்டுக் கற்றுக்கொள்ள அந்தத் தெருவில் அடுத்த குஞ்சும் இருக்காது.

இரைச்சலோடு ஒரு போட்டி

சத்தத்தைப் பற்றி உலகத்தில் நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 2003-ல் நெதர்லாந்தின் லைடன் நகரத்தில், இரைச்சலான இடத்தில் இருக்கும் 'கிரேட் டிட்' பறவைகள், வண்டிச் சத்தத்துக்கு அடியில் அமுங்கிவிடாமல் இருக்க உயர்ந்த ஸ்வரத்தில் பாடுவதைக் கண்டுபிடித்தார்கள். 2007-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், பகலில் சத்தம் அதிகமுள்ள இடங்களில் 'ராபின்' பறவைகள் இரவில் பாடுவதைப் பார்த்தார்கள். அந்த ராபினும் நம்ம குண்டுகரிச்சானும் ஒரே குடும்பம்!

2020 லாக்டவுனில் இன்னும் சுவாரஸ்யம். சான்பிரான்சிஸ்கோவில் வண்டிகள் நின்று, இரைச்சல் 1950-களின் அளவுக்கு இறங்கியது. அங்கிருந்த குருவிகள் குரலைத் தாழ்த்தி, அதே சமயம் முன்பைவிட நல்ல தரத்தில் பாடின. அதாவது, அதுவரை பாவம் கத்திக்கொண்டிருந்திருக்கின்றன!

இப்போது உங்களுக்கு ஒரு ப்ராஜெக்ட் ஐடியா, இலவசம். ஒரே காலையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிப் பாடும் ஒரு குண்டுகரிச்சானையும், உள்ளே அமைதியான தெருவில் பாடும் ஒன்றையும் செல்போனில் பதிவு செய்யுங்கள். 'ஆடாசிட்டி' என்ற இலவச சாஃப்ட்வேரில் போட்டால் பாட்டின் ஸ்பெக்ட்ரோகிராம் படமாக வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு ஜோடிப் பதிவை வைத்து முடிவுக்கு வந்துவிடாமல், பல பறவைகள், பல காலைகள் என்று சேருங்கள். சிக்னல் ப்ராசஸிங் லேபில் கடனுக்குப் போடுகிற சைன் வேவ்வை விட இது நூறு மடங்கு கிக்!

செலவில்லாத ஆறு வேலை

ஒன்று: மார்ச் முதல் ஜூலை வரை, கேம்பஸில் சுவர் ஓட்டை அடைக்கிற வேலை, மரம் வெட்டுகிற வேலை நடந்தால், உள்ளே குடித்தனம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பறவை வாயில் புழுவோடு ஒரே ஓட்டைக்குத் திரும்பத் திரும்பப் போகிறதா? ஆள் இருக்கிறது!

இரண்டு: கேம்பஸின் ஒரு மூலையில் மட்டுமாவது சருகை எரிக்காமல் விடக் கேளுங்கள். என்.எஸ்.எஸ். கேம்ப்பில் 'க்ளீனிங்' என்று கூட்டித் தள்ளுவதற்கு முன் இதையும் யோசியுங்கள்.

மூன்று: கூட்டுக்குள் செல்போனை நீட்டிப் படம் எடுக்காதீர்கள். தொந்தரவு அதிகமானால் பறவை கூட்டையே கைவிட்டுவிடலாம்.

நான்கு: ரெக்கார்டு பண்ணிய பாட்டை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டி அதை உசுப்பேற்றாதீர்கள். வேறு ஆண் வந்துவிட்டது என்று பதறி, வேலையை விட்டுச் சண்டைக்கு வரும்.

ஐந்து: கூண்டில் போட்டு விற்பதைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஆறு: எண்ணுங்கள். ஜனவரியில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு', பிப்ரவரியில் காலேஜ்களுக்கென்றே 'கேம்பஸ் பேர்டு கவுன்ட்' நடக்கின்றன. 'இபேர்டு' ஆப் இலவசம். பதினைந்து நிமிஷம் நின்று, கண்ணில் பட்ட, காதில் விழுந்த பறவைகளைப் பதிவு செய்தால் போதும். ஆனால் அந்த இரண்டு மாசமும் நம்ம ஆள் பெரும்பாலும் மௌன விரதம். அதனால் ஏப்ரல், மே மாசத்தில் உங்கள் தெருவில் எத்தனை இடத்தில் இருந்து விசில் வருகிறது என்று தனியாக ஒரு கணக்கு வையுங்கள். ஃபர்ஸ்ட் இயரில் ஆரம்பித்தால் ஃபைனல் இயருக்குள் நாலு வருஷக் கணக்கு கையில் இருக்கும். மறைமலை நகரில் இருந்தாலும் சரி, மடிப்பாக்கத்தில் இருந்தாலும் சரி... உங்கள் தெருவுக்கு அந்தக் கணக்கை உங்களைத் தவிர வேறு யாரும் எழுதப் போவதில்லை.

ரயில் டிக்கெட்கூட அவசியம் இல்லை. நாளைக்கு அஞ்சு மணிக்கு மொட்டைமாடிக்குப் போய் நின்று பாருங்கள். குயில் கூவும், காகம் கத்தும். அதற்கெல்லாம் நடுவில் ஒரு விசில் தனியாகக் கேட்டால்... கொடுத்துவைத்தவர் நீங்கள். ஒரு பொந்தும், கொஞ்சம் சருகும் உங்கள் தெருவில் இன்னும் மிச்சம் இருக்கிறது!